பழியும் பொறுப்பும்

2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி, நள்ளிரவை அண்டிய வேளையில், கிட்லாப் என்னும் நிறுவனத்திற் பணிபுரிந்த பொறியியலாளர் ஒருவர் தம் கணினியில் ஒரு கட்டளையைத் தட்டெழுதினார். பழுதுற்றுப் பயனின்றிக் கிடந்த ஒரு பிரதியை அகற்றிவிட்டு, மூலத்திலிருந்து புதிய பிரதி எடுப்பதே அவர் நோக்கம். கட்டளை பிறந்து ஓரிரு விநாடிகளுள் தாம் நிற்பது வேறிடம் என்பதை அவர் உணர்ந்தார். பிரதி இருந்த வழங்கியில் நடக்க வேண்டிய அழிப்பு, மூலத் தரவுகள் இருந்த வழங்கியில் நடந்துகொண்டிருந்தது. உடனே நிறுத்தினார். ஆயினும் ஏறத்தாழ 300 கிகாபைற் அளவான தரவுகள் அழிந்துபோக, 4.5 கிகாபைற் மட்டுமே எஞ்சியிருந்தது.

கிட்லாப் என்பது உலகெங்குமுள்ள மென்பொருள் எழுதுவோர் தத்தம் நிரல்களைச் சேமித்து வைத்துக் கூட்டாக வேலைசெய்யும் ஓர் இணையச் சேவை. அன்றிரவு அது நின்றுபோயிற்று. மீண்டும் இயங்குவதற்குப் பதினெட்டு மணித்தியாலங்கள் வரை சென்றன. நிரல்கள் வேறிடத்தில் இருந்தமையால் தப்பின. ஆனால் ஆறு மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட காலத்தில் பதிவான ஏனைய தரவுகள் மீளவில்லை. சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துரைகள், 700 புதிய கணக்குகள் பாதிக்கப்பட்டன என்று நிறுவனமே கணக்குச் சொன்னது.

இத்தகைய கதைகள் வழக்கமாக எவ்வாறு முடியும் என்பதை நாம் அறிவோம். ஊழியர் ஒருவரின் கவனயீனத்தால் நேர்ந்த தவறு என ஓர் அறிவித்தல் வரும். அவ்வூழியர் வேலைநீக்கம் செய்யப்படுவார். நிருவாகம் தன் கைகளைக் கழுவிக்கொள்ளும். அடுத்த மாதம் அதே கதிரையில் இன்னொருவர் அமர்வார். கிட்லாப் நிறுவனம் அவ்வாறு செய்யவில்லை. தரவுகளை மீட்கும் முயற்சியை, அது நடைபெறும்போதே, உலகம் காணுமாறு இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பியது; குறிப்பேட்டையும் எல்லோர்க்கும் திறந்துவைத்தது. பத்து நாட்களின் பின் நீண்ட அறிக்கையொன்றை வெளியிட்டது. அவ்வறிக்கையிற் கட்டளை இட்டவரின் பெயர் இல்லை. இன்ன இலக்கமுடைய குழு உறுப்பினர் என்று மட்டுமே உள்ளது.

இஃது ஒரு வியாபார நிறுவனத்தின் பெருந்தன்மையா, விளம்பர உத்தியா என்ற வினா எழலாம். இரண்டும் கலந்திருக்கலாம். எம்மைக் கவர்வது அதுவன்று. பெயரை நீக்கிய மாத்திரத்தில் அவ்வறிக்கைக்கு வேறு எத்தனை விடயங்களைக் காண முடிந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

அவ்விரவின் கதையைப் பாருங்கள். மாலையிலிருந்தே சேவையின் மீது அளவுக்கு மீறிய சுமை. குப்பைச் செய்தி அனுப்புவோரின் தொல்லை ஒருபுறம். மறுபுறம், யாரோ ஒரு விஷமி நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் கணக்கையே தவறானதென முறையிட, அதனை அழிக்கும் பெருவேலையில் கணினி தானாக இறங்கியிருந்தது. இச்சுமையால் மூலத்துக்கும் பிரதிக்கும் இடையிலிருந்த தொடர்பு அறுந்தது. நம் பொறியியலாளர் வேலையை முடித்துக்கொண்டு ஓய்வுகொள்ள எண்ணியிருந்த நேரம் அது. தொடர்பு அறுந்தமையால் இருந்துவிட்டார். பிரதி எடுக்கும் கருவியை இயக்கினார். அது ஒன்றுஞ் சொல்லாது மௌனமாய் நின்றது. மெய்யில் அக்கருவி மூலத்தின் மறுமொழிக்காகக் காத்திருந்தது. காத்திருக்கிறேன் என்று சொல்லும் வழக்கம் அதற்கு இல்லை. இவ்வியல்பு நிறுவனத்தின் கைந்நூலில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எனவே, அங்கு கிடந்த வெற்றுக் கோப்புறைதான் தடையாக உள்ளதென அவர் ஊகித்தார். அதனை அகற்ற முனைந்தார். இரண்டு வழங்கிகளின் பெயர்களும் ஓர் இலக்கத்தால் மட்டுமே வேறுபட்டவை. திரையில் இரண்டும் ஒரேமாதிரித் தோன்றின.

இந்த வரலாற்றை வாசித்த பின், 'கவனயீனம்' என்ற ஒற்றைச் சொல் எத்துணை வறியது என்பது புலப்படும்.

அடுத்து வருவது இன்னும் பாரதூரமானது. தரவுகள் அழிந்தால் மீட்பதற்கென ஒன்றல்ல, ஐந்து வழிகள் அங்கு இருந்தன. குறைந்தபட்சம் இருப்பதாக எல்லோரும் நம்பியிருந்தனர். நாள்தோறும் எடுக்கப்படும் காப்புப் பிரதியைத் தேடிச் சென்றார்கள். அதற்குரிய களஞ்சியம் வெறுமையாய்க் கிடந்தது. தரவுத்தளத்தின் பதிப்பு ஒன்று, பிரதி எடுக்கும் கருவியின் பதிப்பு வேறொன்று. ஆகவே கருவி நாள்தோறும் தோற்று வந்திருக்கிறது. தோற்றதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் அனுப்பப்பட்டே வந்தன. அவை உரிய முறையில் ஒப்பமிடப்படவில்லை என்று அஞ்சல் அமைப்பு அவற்றை ஏற்காது தள்ளிவிட்டது. காவலாளி கூவினான், ஒருவருக்கும் கேட்கவில்லை. இறுதியிற் கைகொடுத்தது, அன்று மாலை வேறொரு பரிசோதனைக்காகத் தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதி. அதை எடுத்தவர் யார் தெரியுமா? நள்ளிரவில் அந்தக் கட்டளையை இட்ட அதே பொறியியலாளர். அவரை அன்றிரவே வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நீதி நிறைவேறிற்று எனப் பலர் மகிழ்ந்திருப்பர். மீட்பதற்கு ஒரு பிரதி இருக்கிறதென்ற செய்தியும் அவரோடு போயிருக்கக்கூடும்.

அறிக்கை ஏன் ஏன் என்று அடுக்கிக் கேட்டுக்கொண்டே போகிறது. காப்புப் பிரதி முறை ஏன் சோதிக்கப்படவில்லை? அதைச் சோதிக்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. அங்கே கேள்வி நிற்கிறது. அழித்தவரைத் தேடிப் புறப்பட்ட விசாரணை, ஓர் ஆள் இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தை வந்தடைந்தது. ஆள் இல்லாத இடத்தின்மேற் பழி சுமத்துவது எவ்வாறு? அவ்விடத்தை வெறுமையாக விட்டது யார் என்றே கேட்க வேண்டும். அக்கேள்வி கீழ்நோக்கிச் செல்லாது. வேலைகளைப் பகிர்ந்தளிக்கும் அதிகாரம் உள்ள மேலிடத்தை நோக்கியே செல்லும்.

காரணம் என்பது என்ன என்ற பழைய தத்துவ வினாவை இங்கு தவிர்க்க இயலாது. ஒரு நிகழ்ச்சிக்கு எண்ணிறந்த முன்நிபந்தனைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து 'இதுவே காரணம்' என்கிறோம். எதைப் பொறுக்குகிறோம் என்பது நம் தேவையையும் நம் நிலையையும் பொறுத்தது. காலத்தால் மிக அண்மையில் இருப்பதையும், ஒரு மனிதனின் கையோடு ஒட்டியிருப்பதையும் பொறுக்குவது மிக எளிது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்று நம்மவர் சொல்வர். காகத்தை விரட்டுவோர் பழம் கனிந்து காம்பு தளர்ந்திருந்ததை ஆராய்வதில்லை.

நமது நாட்டில் அண்மையில் நிகழ்ந்ததொன்று இதற்கு நல்ல உதாரணம். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்திற் குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என மின்சக்தி அமைச்சர் கூறினார். உலகப் பத்திரிகைகள் சிரித்தன. குரங்கு மெய்யாகவே பாய்ந்திருக்கட்டும். ஒரு குரங்கின் பாய்ச்சலால் ஒரு மின்நிலையம் செயலிழக்கலாம். பருத்தித்துறை தொட்டுத் தெய்வேந்திரமுனை வரை இருள்வானேன்? விடுமுறை நாளாதலால் மின் நுகர்வு குறைந்திருந்தமை, கூரைகளிற் பொருத்திய சூரியத் தகடுகளிலிருந்து பாய்ந்த மின்னின் பங்கு மிகுந்திருந்தமை, அதனால் அதிர்ச்சியைத் தாங்கும் கனத்த சுழல் இயந்திரங்களின் வலு குன்றியிருந்தமை ஆகியன பின்னர் பேசப்பட்டன. விளக்கம் என்பது இங்குதான் தொடங்குகிறது. குரங்கைப் பற்றிய பேச்சு பொய் என்பதற்கில்லை. விசாரணையை அவ்விடத்திலேயே முடித்துவைக்க அது வசதியாக இருந்தது என்பதே அதன் குறை.

பின்னோக்கிப் பார்ப்போனின் கண்ணுக்கும் ஒரு மயக்கம் உண்டு. முடிவை அறிந்தவனுக்கு, அம்முடிவை நோக்கிச் செல்லும் பாதை ஒன்றே தெரியும். அவ்வேளையில் அங்கு நின்றவன் முன் பத்துப் பாதைகள் கிடந்தன. பரீட்சை மண்டபத்திற் கணக்கைத் தவறவிட்ட மாணவனிடம், விடையைக் கையில் வைத்துக்கொண்டு 'இது கூடவா தெரியவில்லை' என்று கேட்கும் ஆசிரியர்கள் நம்முள் இல்லாமலில்லை. அவன் எழுதிய படிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஆசிரியருக்கே அவன் எந்த இடத்தில், எந்த நியாயத்தோடு வழிமாறினான் என்பது விளங்கும். பலவேளைகளில் அந்த வழிமாற்றத்துக்கு விதை ஆசிரியரின் சொந்தப் பாடத்திலேயே கிடக்கும். மனிதன் ஒரு செயலைச் செய்யும் கணத்தில் அச்செயல் அவனுக்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஏன் அவ்வாறு தோன்றிற்று என்பதைக் கண்டறியாத விசாரணை, விசாரணை ஆகாது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பல, தரையில் இறங்கிய பின்னர் விபத்துக்குள்ளாயின. இறக்கை மடல்களை உள்ளிழுக்க வேண்டிய விமானிகள் சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டார்கள். விமானி தவறு என்று எழுதிவைத்தார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலாளர் விமானியின் அறைக்குட் சென்று பார்த்தார். இரண்டுக்கும் உரிய நெம்புகோல்கள் அருகருகே, ஒரே வடிவில் இருந்தன. சக்கரத்தின் கோலுக்கு ஒரு சிறு சக்கர வடிவத்தையும் மடலின் கோலுக்கு ஓர் ஆப்பு வடிவத்தையும் பொருத்தினால், இருட்டிலும் கை அறிந்துகொள்ளும் என்று காட்டினார். இவ்வளவே. களைத்த மனிதனின் கையைத் திருத்த முயல்வதிலும் அக்கை பிடிக்கும் கோலைத் திருத்துவது எளிது. எத்தனை விமானிகள் அதற்கு முன்னர் தம்மையே நொந்துகொண்டார்களோ!

இங்கு ஒரு மறுப்பு எழும். நியாயமான மறுப்பே. 'எல்லாவற்றுக்கும் சூழ்நிலையைக் காரணங் காட்டினால் தனிமனிதனின் ஒழுக்கம் எங்கே? சூழ்நிலை என்பது விதி என்ற பழைய பாட்டின் புதிய மெட்டல்லவா? பழி இல்லை என்றால் எவர் கவனமாக இருப்பார்?' என்று கேட்பர்.

விதி என்பவன் விசாரணையை மூடிவைக்கிறான். சூழ்நிலையை ஆராய்பவன் அதனை மாற்றுவதற்காகவே ஆராய்கிறான். ஆகவே இவ்விரண்டும் ஒன்றல்ல. ஆனால் மறுப்பின் மற்றப் பகுதிக்கு விடை கூறச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நமது மொழியிற் 'பொறு' என்னும் வினையடி வியப்பானது. சுமையைத் தாங்குதல், துன்பத்தைச் சகித்தல், பிழையை மன்னித்தல் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். அதிலிருந்தே 'பொறுப்பு' வந்தது. இன்று இலங்கையில் எல்லோர் வாயிலும் அடிபடும் 'பொறுப்புக்கூறல்' என்ற தொடரையும் நோக்குக. அங்கு கூறல் என்பதே செயல். பழி பிறரால் ஒருவன்மேல் ஏற்றப்படுவது; பொறுப்பு அவன் தானே வாய்திறந்து கூறுவது. பழிக்கு அஞ்சுபவன் வாயைத் திறவான். எனவே பழி வளர வளரப் பொறுப்புக்கூறல் தேயும். எற்சி என்னும் அமெரிக்க இணைய வணிக நிறுவனத்திற் பணியாற்றிய ஜோன் ஓல்ஸ்போ 2012இல் எழுதிய கட்டுரையொன்று இக்கருத்தைக் கணினித் தொழிலாளரிடையே பரப்பியது. தண்டனைக்கு அஞ்சும் பொறியியலாளர் நடந்ததை விவரமாகச் சொல்லமாட்டார். விவரம் தெரியாவிடில் அதே விபத்து மீண்டும் வரும் என்பது அவர் வாதம்.

இவ்வுண்மையை விமானப் போக்குவரத்து இரத்தம் சிந்திக் கற்றது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி, வாஷிங்டன் நகரை அண்டிய டலஸ் விமான நிலையத்தை நோக்கி வந்த விமானமொன்று வேர்ஜீனியாவின் மலையொன்றில் மோதியது. 92 பேர் மாண்டனர். தரையிலிருந்து வந்த அனுமதியின் பொருளை விமானிகள் ஒருவிதமாக விளங்கிக்கொள்ள, கட்டுப்பாட்டாளர் வேறுவிதமாகக் கருதியிருந்தார். ஆறு வாரங்களுக்கு முன்னர் வேறொரு கொம்பனியின் விமானமும் அதே மயக்கத்தால் அதே மலையில் மோதுவதிலிருந்து மயிரிழையில் தப்பியிருந்தது. அவ்விமானிகள் தம் கொம்பனிக்குச் சொன்னார்கள். அச்செய்தி அக்கொம்பனியின் வேலிக்குள்ளேயே நின்றுவிட்டது. இதன் பின்னரே, 1976இல், விமானத் தொழிலாளர் தம் தவறுகளையும் கண்ட ஆபத்துகளையும் அச்சமின்றி அறிவிப்பதற்கான ஏற்பாடு அமெரிக்காவிற் பிறந்தது. அறிவித்தல்களைப் பெறும் பணி, தண்டிக்கும் அதிகாரமுடைய விமானத் திணைக்களத்திடம் விடப்படவில்லை. விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. செவிமடுப்பவன் கையிற் பிரம்பு இருத்தலாகாது என்ற எளிய ஞானம் இது.

ஆயின் எல்லாச் செயலும் பொறுத்தற்குரியதா? அல்ல. குடித்துவிட்டு விமானத்தில் ஏறுபவனையும், அறிந்தே அபாய அறிவித்தலை மறைப்பவனையும் நாம் பேசவில்லை. இங்கு பயன்படும் சோதனை ஒன்று உண்டு. அதே பயிற்சியும் அதே களைப்பும் அதே கருவிகளும் உடைய வேறொருவரை அக்கதிரையில் இருத்திப் பாருங்கள். அவரும் அதனையே செய்திருக்கக்கூடுமாயின், முதலாமவரைத் தண்டிப்பதால் நாம் பெறுவது ஒன்றுமில்லை. பொய்யுரைத்து மறைத்தவனோ இச்சோதனையில் தேறமாட்டான். கவனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கவனம் என்பது அச்சத்தாற் பிறக்கும் பண்பு என்பது முதலாளிமார் பல காலமாகச் சொல்லிவரும் கதை. அச்சத்தில் வேலைசெய்பவனின் கவனம் வேலையிலன்று, மேற்பார்வையாளனின் காலடி ஓசையிலேயே இருக்கும்.

இதுவரை நாம் தொழிலாளியின் பக்கம் நின்று பேசினோம். இனி இவ்விடயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 'பழியற்ற விசாரணை' என்ற தொடர் இன்று பெருங் கொம்பனிகளின் வாயில் இனிப்பாக உருள்கிறது. தொழிலாளிக்கென நெய்யப்பட்ட போர்வையை முதலாளியும் இழுத்துப் போர்த்துக்கொள்கிறானோ என்று நாம் ஐயுறுதல் தகும்.

கிட்லாப் சம்பவத்துக்கு நான்கு வாரங்களின் பின், 2017 பெப்ரவரி 28இல், அமேசன் நிறுவனத்தின் தரவுக் களஞ்சியச் சேவை அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் முடங்கியது. அதனை நம்பியிருந்த எண்ணற்ற இணையத்தளங்கள் படுத்துவிட்டன. சில வழங்கிகளை மட்டும் நிறுத்துவதற்கான கட்டளையில் ஓர் உள்ளீடு பிழைத்ததனால் மிகப் பல வழங்கிகள் நின்றுபோயின. நிறுவனம் தந்த விளக்கம் ஊழியரைக் கடிந்துகொள்ளவில்லை. அத்துணை வழங்கிகளை அத்துணை விரைவில் நிறுத்தக் கருவி இடங்கொடுத்ததே பிழை என்று கூறிக் கருவியைத் திருத்தியது. பாராட்டுவோம். சேவை நன்றாக உள்ளதா இல்லையா என்று காட்டும் அறிவித்தற் பலகையும் அதே களஞ்சியத்தில் தங்கியிருந்தமையால், அன்று சில மணிநேரம் அப்பலகையைத் திருத்தவும் முடியவில்லை என்பது அவ்விளக்கத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. நோயாளியே தன் நாடியையும் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்த நிலை. 2021 ஒக்டோபர் 4இல் பேஸ்புக் ஆறு மணித்தியாலம் வரை உலகிலிருந்து மறைந்தபோதும் இத்தகைய விநோதமே நிகழ்ந்தது: திருத்தச் சென்றவர்களின் சொந்தக் கருவிகளும் அதே வலையமைப்பில் தொங்கிக்கொண்டிருந்தன.

இவ்வறிக்கைகள் யாவும் கேளாத கேள்வி ஒன்றுண்டு. 2024ஆம் ஆண்டு யூலை 19ஆம் திகதி குரவுட்ஸ்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருட் கொம்பனி அனுப்பிய ஒரு சிறு கோப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நின்றுபோயின. விமானங்கள் பறக்கவில்லை, வைத்தியசாலைகளிற் சத்திர சிகிச்சைகள் பிற்போடப்பட்டன. மென்பொருளின் ஒரு பகுதி இருபத்தொரு உள்ளீடுகளை எதிர்பார்க்க, மற்றப் பகுதி இருபதை மட்டுமே கொடுத்தது. இல்லாத இருபத்தோராவதைத் தேடிய கணினி வீழ்ந்தது. கொம்பனி இதனைத் தெளிவாகவே விளக்கியது. ஆனால் இத்துணை வைத்தியசாலைகள் ஒரே ஒரு கொம்பனியின் ஒரே ஒரு கோப்பில் உயிரைக் கட்டித் தொங்கவிட்டது ஏன்? எல்லாக் கணினிகளுக்கும் ஒரே வேளையில் அதனை அனுப்பும் அவசரம் யாருடைய அவசரம்? முன்னைய கேள்விக்கு விடை மென்பொருளில் இல்லை. சந்தையின் அமைப்பிலும் சொத்துடைமையிலும் இருக்கிறது. கொம்பனி எழுதும் அறிக்கை கொம்பனியின் மதிலுக்கு வெளியே செல்லாது. அது கற்பது மெய்யே. தான் கற்க விரும்புவதையே கற்கிறது.

ஆகவே பழியைப் பற்றிய நமது நிலைப்பாடு எல்லோர்க்கும் ஒரே அளவில் அமைதல் இயலாது. கட்டளையைத் தட்டெழுதியவனுக்குத் தன் கருவிகளைத் தெரிவுசெய்யும் உரிமை இல்லை. எத்தனை பேர் இரவு வேலைக்கு வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை இல்லை. அவ்வுரிமைகளும் அவற்றால் வரும் இலாபமும் யாரிடம் உள்ளனவோ, அவர்களிடம் அதே விகிதத்திற் கணக்குக் கேட்க வேண்டும். பிரித்தானியாவின் ரிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலிற் புதிய கணினி அமைப்புக்கு மாறியபோது, வாடிக்கையாளர் பெருந்தொகையினர் தம் பணத்தைத் தொடவும் முடியாது தவித்தனர். 2022இல் அவ்வங்கிக்கு 48.65 மில்லியன் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதன் தகவல் தொழில்நுட்பத் தலைமை அதிகாரிக்கும் 81,620 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டத்தின் தொகை போதுமா என்பது வேறு கதை. விசாரணை படியேறி மேலே போனது என்பது குறிப்பிடத்தக்கது.

அது படியிறங்கிக் கீழே போனால் என்ன நிகழும் என்பதற்கும் அதே நாட்டிற் சான்று உண்டு. பிரித்தானியத் தபாற் கந்தோர்களில் 1999ஆம் ஆண்டு முதல் ஹொரைசன் என்னும் கணினிக் கணக்கு முறை புகுத்தப்பட்டது. அதனை வழங்கியது புஜிட்சு கொம்பனி. மென்பொருளிற் குறைபாடுகள் இருந்தமையால், மாலையிற் கணக்கை முடிக்கும் உப தபாலதிபர்களின் பெட்டியில் இருக்க வேண்டிய பணம் குறைவதாகத் திரை காட்டியது. குறையும் பணத்தை அவர்களே ஈடுசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். ஈடுசெய்தார்கள். சேமிப்பைக் கொட்டினார்கள்; வீட்டை ஈடுவைத்தார்கள். உதவி கோரித் தொலைபேசியிற் பேசியபோது, 'வேறெவருக்கும் இப்பிரச்சினை இல்லை, உங்களுக்கு மட்டுமே' என்று பலருக்குச் சொல்லப்பட்டது. 2015 வரை 900க்கு மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றனர். சிலர் சிறை சென்றனர். சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டனர்.

'உங்களுக்கு மட்டுமே' என்ற அந்த ஒரு வாக்கியத்தை நாம் எளிதிற் கடந்துசெல்லலாகாது. கிராமத்துக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்த மனிதர்களை ஒருவரையொருவர் அறியாதபடி பிரித்துவைத்தது அவ்வாக்கியமே. ஒரே துன்பத்தைப் படுவோர் பலர் உளர் என்று அறியும்போதுதான், துன்பம் தனிமனிதனின் குறை என்ற நிலை நீங்கி, அமைப்பின் குறையாகத் தெரியும். தொழிற்சங்க வரலாற்றை அறிந்த வாசகருக்கு இது புதிதன்று. பல ஆண்டுகள் தம்மையே ஐயுற்றுக் கிடந்தவர்கள், ஒருவரையொருவர் கண்டுகொண்ட பின்னரே வழக்காடினார்கள். 555 பேர் கூடித் தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில், ஹொரைசனின் குறைபாடுகள் கணக்கிற் பொய்யான பற்றாக்குறையைக் காட்டியிருக்கக்கூடும் என்று நீதிமன்றம் கண்டது.

நீதிமன்றங்களே அதற்கு முன்னர் எவ்வாறு ஏமாந்தன? இங்கிலாந்திற் கணினிச் சான்றை ஏற்பதற்கு முன் அக்கணினி சரிவர இயங்கியதென நிறுவ வேண்டும் என ஒரு சட்டவிதி முன்னர் இருந்தது. 1999இல் இயற்றப்பட்ட சட்டமொன்று அதனை நீக்கியது. அதன் பின்னர், மாறான சான்று காட்டப்படும்வரை கணினி சரியாகவே இயங்கியதெனக் கொள்ளப்பட்டது. மாறான சான்று எங்கே இருந்தது? புஜிட்சுவிடமும் தபாற் கொம்பனியிடமும் இருந்தது. ஏழை உப தபாலதிபர் அதனை எங்ஙனம் காட்டுவார்? கோவலன் கதையில், அரண்மனைப் பொற்கொல்லனின் சொல்லைக் கேட்ட பாண்டியன் வேறொன்றும் விசாரியாது ஆணையிட்டான். உண்மை வெளிப்பட்டபோது அவன் உயிர் அவ்விடத்திலேயே நீங்கியது என்பர். தபாற் கொம்பனியின் மேலிடத்தில் அத்தகைய துயரம் எதுவும் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை. குறைபாடுகள் இருப்பது அவர்களுட் சிலருக்குத் தெரிந்தே இருந்தது; தெரிந்தும் வழக்குகள் தொடர்ந்தன. நாம் முன்னர் சொன்ன சோதனையில் இவர்களை இருத்திப் பாருங்கள். மௌனமான கருவி முன் ஊகித்துத் தவறியவனையும், தெரிந்ததை மறைத்துப் பிறரைச் சிறைக்கு அனுப்பியவனையும் ஒரே 'பழியற்ற' பாயில் உட்காரவைக்க முடியாது.

2024ஆம் ஆண்டு பாராளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றினால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அத்தண்டனைகளைத் துடைத்தது. பகிரங்க விசாரணைக்குழு அதற்கு முன்னரே தன் பணியைத் தொடங்கியிருந்தது. அக்குழு தன் அமர்வுகளை ஒழுங்குசெய்த முறை எமக்குப் பிடித்திருக்கிறது. நிபுணர்களையும் நிருவாகிகளையும் அது முதலில் அழைக்கவில்லை. 2022 பெப்ரவரியிற் கூடியபோது, கடைகளையும் வீடுகளையும் இழந்த உப தபாலதிபர்களே முதலிற் சாட்சி கூற அமர்ந்தார்கள். ஒவ்வொருவரும் தம் மாலைக் கணக்கு எவ்வாறு பிழைத்தது, யாரிடம் சொன்னார்கள், என்ன மறுமொழி கிடைத்தது என்பதை உரைத்தனர். மென்பொருள் எவ்வாறு எழுதப்பட்டது, யார் அதனை ஏற்றார் என்ற விசாரணை அவ்வாண்டின் இறுதிப் பகுதியிலேயே தொடங்கியது.